டிக்கெட் காசும் பதினான்கு வேகங்களும்

முழுப்பரீட்சை நெருங்கியதுமே வீட்டுக்கு வீடு மாநாடு கூடிவிடும். "போன வருஷமே தீம் பார்க் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்களேப்பா!" என்று பையன் ஆரம்பிப்பான். பெண் அவனுக்கு ஒத்து ஊதுவாள். பிறகென்ன? நீங்கள் காலண்டரைப் புரட்டுவீர்கள், ஆபீஸில் லீவு சொல்வீர்கள், மச்சினர் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு வேன் பேசுவீர்கள். டிக்கெட் விலையைத் தலைக்கு இவ்வளவு என்று பெருக்கிப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவீர்கள். ஐந்து பேர் உள்ளே நுழைவதற்கே சில ஆயிரங்கள் ஆகிறதே!

"இவ்வளவு காசு கொட்டிக் கொடுக்கிறோம். கேட் திறக்கும்போது உள்ளே போய், மூடும்போதுதான் வெளியே வரணும். ஒரு ரைடு விடக்கூடாது, ஆமா!"

இந்த இடத்தில்தான் வைத்தியனாகிய நான் குறுக்கே வருகிறேன்.

தீம் பார்க்குக்கு நான் விரோதி இல்லை. வருஷம் முழுக்க சமையல், டியூஷன், ஆபீஸ், மின்சார பில் என்று ஓடுகிற குடும்பம் ஒரு நாள் தண்ணீரில் கும்மாளம் போட்டு, வாய்விட்டுக் கத்திச் சிரித்தால் அதுவும் மருந்துதான். நான் எழுதித் தரும் சில சூரணங்களைவிட நல்ல மருந்து! என் சண்டையெல்லாம் அந்த 'காசை வசூல் பண்ணிடணும்' என்கிற கணக்கோடுதான். அந்தக் கணக்கில் பணம் இருக்கிறது, மணி இருக்கிறது, ரைடு இருக்கிறது. போகிற ஆளின் உடம்பு மட்டும் இல்லை.

ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் திருச்சியில் என் வைத்தியசாலைக்கு வருகிறவர்களைப் பார்த்தால் இது புரியும். நீர்க்கடுப்பு என்று ஒரு அம்மா வருவார். மலச்சிக்கலாகி மூலம் கிளம்பிவிட்டது என்று ஒரு பெரியவர். தொடை இடுக்கில் அரிப்பு என்று கூச்சப்பட்டுக்கொண்டே ஒரு இளைஞர். "சமீபத்தில் எங்காவது வெளியூர் போனீங்களா?" என்று கேட்பேன். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே, "பசங்களுக்காக ஒரு நாள் பார்க்குக்குப் போனோம் சார்" என்பார்கள்.

அடக்கக் கூடாதவை

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் உருப்போட்ட பாடங்களில் ஒன்று, பதினான்கு வேகங்கள். வேகம் என்றால் இங்கே ஸ்பீடு என்று அர்த்தமில்லை. உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ள உள்ளிருந்து கொடுக்கிற உந்துதல்தான் வேகம். அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம். மொத்தம் பதினான்கு. (கடைசிக்கு முந்தையது பற்றி இந்தக் குடும்பப் பத்திரிகையில் பேச வேண்டாம், விட்டுவிடுவோம்!) இவற்றை வலிய வரவழைக்கவும் கூடாது, வந்தால் அடக்கவும் கூடாது என்பது சித்தர்கள் வகுத்த விதி. ஒவ்வொன்றையும் அடக்கினால் என்னென்ன நோய் வரும் என்றும் தனித்தனியே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் உல்லாசப் பயணத்தை இந்தப் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விடியற்காலம் மூன்று மணிக்கு எழுப்புகிறீர்கள், தூக்கம் போயிற்று. அவசரத்தில் காலைக்கடன் கழிக்க நேரமில்லை, மலம் போயிற்று. "வழியில எங்கே நிறுத்துறது?" என்று சிறுநீர் போயிற்று. அதனாலேயே தண்ணீர் குடிக்கவில்லை, தாகமும் போயிற்று. "இந்த ஒரு ரைடு முடிஞ்சதும் சாப்பிடலாம்" என்று பசி போயிற்று. கால் கெஞ்சுகிறது, உட்காரவில்லை, இளைப்பு போயிற்று. பயந்து அழுகிற பிள்ளையை அதட்டினோம், கண்ணீரும் போயிற்று. பணம் கொடுத்து, லீவு போட்டு, குடும்பத்தோடு போய் ஒரே நாளில் ஏழு வேகங்களை அடக்கிவிட்டு வருகிறோம். இதற்குப் பெயர் பிக்னிக்!

அம்மா ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?

ஏழில் முதன்மையாக நான் சொல்வது சிறுநீரைத்தான். ஏனென்றால் அதை அடக்குவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்.

"எனக்குத் தண்ணி வேணாங்க. அங்க பாத்ரூம் எப்படி இருக்குமோ!" இந்த ஒரு வாக்கியம் உங்கள் வீட்டு வேனில் கேட்டதே இல்லை என்று சொல்ல முடியுமா? ஆண்கள் கவனிப்பதே இல்லை. டீக்கு நிறுத்தின இடத்தில் ஆண்கள் பாட்டுக்கு இறங்கிப் போய்விட்டு வந்துவிடுவார்கள். வேனுக்குள் மூன்று பெண்கள், முக்கால்வாசி நிரம்பிய தண்ணீர் பாட்டிலைத் தொடாமல் உட்கார்ந்திருப்பார்கள். பார்க்குக்குள் போன பிறகும் கதை மாறுவதில்லை. நனைந்த நைலான் உடையைக் கழற்றி மாட்டுவது பெரும் பாடு. வரிசை வேறு. பையை யாரிடம் கொடுப்பது? "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று காலையிலிருந்து இரவு வரை அடக்கி வைப்பார்கள்.

சிறுநீரை அடக்கினால் நீரடைப்பும், நீர்த்தாரையில் புண்ணும் எரிச்சலும் வரும் என்கிறது எங்கள் பாடம். இன்றைய மருத்துவமும் வேறு வார்த்தையில் அதையேதான் சொல்கிறது. பெண்களுக்குச் சிறுநீர்த்தாரை நீளம் குறைவு. கிருமி சுலபமாக மேலே ஏறிவிடும். அடிக்கடி நீர் கழிப்பதுதான் அந்தக் கிருமியைக் கழுவித் தள்ளுகிறது. தண்ணீரும் குடிக்காமல், வெயிலில் வியர்த்து, இருக்கிற நீரையும் அடக்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம்தான். தீம் பார்க்கில் உண்மையாகவே டிக்கெட் காசை வசூல் செய்வது அதுதான்!

இன்னொரு விஷயம் உண்டு. பெரியவர்களில் சிலர் ரத்தக்கொதிப்புக்கு, நீர் பிரிய வைக்கும் மாத்திரை சாப்பிடுவார்கள். பயண நாளன்று அதை மட்டும் கமுக்கமாக விட்டுவிடுவார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே அவர்களுடைய டாக்டரிடம் கேளுங்கள். எந்த நேரத்தில் போடலாம் என்று அவர் சொல்வார். தானாக நிறுத்தக் கூடாது. அதேபோல, "அந்த நாள் வந்துடும் போலிருக்கே" என்று மெடிக்கல் ஷாப்பில் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிற பழக்கம். கோயில் விசேஷம், கல்யாணம் என்று ஆரம்பித்தது, இப்போது நீச்சல் குளத்துக்கும் வந்துவிட்டது. அது ஹார்மோன் மாத்திரை, மிட்டாய் இல்லை. காலில் ரத்தக்கட்டு வந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் போன்றோருக்கு ஆபத்தாகவே முடியலாம். டாக்டர் பார்க்காமல் தொடவே கூடாது. என்னைக் கேட்டால், ஒரு ரைடுக்காக மாதவிலக்கைத் தள்ளுவதைவிட, பயணத்தை ஒரு வாரம் தள்ளுவது எவ்வளவோ மேல். அதைக் கணவர்தான் தானாக முன்வந்து சொல்ல வேண்டும். மனைவி கேட்க மாட்டார்.

ஆகவே திட்டம் போடும்போது முதல் வரியாக இதை எழுதுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, சுத்தமான கழிப்பறை உள்ள இடமாகப் பார்த்து வண்டி நிற்க வேண்டும். உள்ளே போனதும் முதலில் பார்க்க வேண்டியது கழிப்பறை எங்கே என்பதை, ஜெயன்ட் வீலை அல்ல. பெண்கள் போய் வரும்வரை பையும் பிள்ளையும் ஆண்கள் கையில். "சீக்கிரம் வா" என்று வெளியே நின்று குரல் கொடுக்கக் கூடாது!

அழுகிற பிள்ளையும் கொலம்பஸும்

அடுத்து கண்ணீர். சிரிக்காதீர்கள், பதினான்கில் அதுவும் ஒன்று. அழுகையை அடக்கினால் பீனிசம், கண்ணோய், தலைநோய் என்று சொல்லியிருக்கிறார்கள். சித்தர்கள் எதற்காகக் கண்ணீரைக் கொட்டாவியோடும் தும்மலோடும் ஒரே வரிசையில் வைத்தார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். அழுகை, உடம்பு தன் பயத்தை வெளியே தள்ளுகிற வழி. அதை அவர்கள் பலவீனம் என்று நினைக்கவில்லை.

நம் அப்பாக்களுக்குத்தான் இது புரிவதில்லை. ஆறு வயதுப் பையன் அந்தக் கொலம்பஸ் கப்பல் மேலே போய்க் கீழே வருவதைப் பார்த்த மாத்திரத்திலேயே அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொள்கிறான். அப்பா விடுவாரா? "ஆம்பளப் புள்ளடா நீ! அழுவியா? அந்தப் பாப்பாவைப் பாரு, எப்படிச் சிரிக்குது!" என்று தரதரவென்று இழுத்துப் போவார். அவனுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாயிற்றே! பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு ஏறுவான். இறங்கியதும் வாந்தி எடுப்பான். அன்று ராத்திரி தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து அலறுவான். பாட்டி மறுநாள் வேப்பிலை அடிப்பார், "புள்ளைக்கு யாரோ கண்ணு வச்சுட்டாங்க" என்று. கண் வைத்தது வேறு யாருமில்லை, அப்பாதான்.

பல ரைடுகளின் வாசலில் உயர அளவுகோல் வைத்திருக்கிறார்கள். இதயநோய், ரத்தக்கொதிப்பு, முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏற வேண்டாம் என்று போர்டும் இருக்கிறது. அதையெல்லாம் கட்டாயம் படியுங்கள். பிள்ளையின் முகம் அந்த போர்டைவிடப் பெரிய போர்டு. 'வேண்டாம்' என்று அதில் எழுதியிருந்தால் ஏற்றாதீர்கள். டாஷிங் காரில் நாலு தரம் இடித்துவிட்டு வந்தால் அவனுக்கு அதுவே சொர்க்கம். தானாகவே அடுத்த வருஷம் கொலம்பஸ் கேட்பான்.

டிரைவரும் மனிதர்தான்

திருச்சியிலிருந்து சென்னைக்குச் சுமார் 320 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்காக்களுக்குப் போகிற குடும்பங்கள் இங்கே என்ன செய்கின்றன தெரியுமா? ராத்திரி பதினொரு மணிக்கு வேன் ஏறுகிறார்கள். விடிய விடியப் பயணம். காலையில் எங்கோ குளித்து, பகல் முழுக்கப் பார்க். சாயந்தரம் அப்படியே திரும்பி, மறுபடி ராத்திரிப் பயணம். லாட்ஜ் வாடகை மிச்சம்! பிள்ளைகள் பின் சீட்டில் சுருண்டு தூங்கிவிடுகின்றன. தூங்கக் கூடாத ஆள் ஒருவர் முன்னால் இருக்கிறாரே, அவரைப் பற்றி யாராவது யோசித்தீர்களா? பகலில் நீங்கள் தண்ணீரில் ஆடும்போது அவர் கொதிக்கிற வேனுக்குள், கொசு விரட்டிக்கொண்டு அரைத்தூக்கம் போட்டிருப்பார்.

தூக்கத்தை அடக்கினால் தலைக்கனம், கண் எரிச்சல், பேச்சில் தெளிவின்மை என்று சொன்னவர்கள் நெடுஞ்சாலையையும் வேனையும் பார்த்தவர்கள் இல்லை. பார்த்திருந்தால் முதல் வேகமாகவே இதைத்தான் வைத்திருப்பார்கள்! டீ, வெற்றிலை, சத்தமாகப் பாட்டு, எதுவுமே தூக்கத்துக்கு மாற்று இல்லை. சொந்தக் கார் என்றாலும் இதேதான், ஓட்டுகிறவர் நீங்கள் என்பதுதான் வித்தியாசம். பூங்காவில் ஒரு வேளை டிக்கெட்டைக் குறைத்தாலும் சரி, இரவு ஓரிடத்தில் தங்கிப் படுத்து, காலை வெளிச்சத்தில் திரும்புங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். தங்குவதற்குக் கையில் காசு இல்லையென்றால் அந்த வருஷம் உள்ளூர் முக்கொம்பே போதும்.

சரி, எப்போது போகலாம்?

சித்திரை, வைகாசி எங்களுக்கு இளவேனில் காலம். பெயரில்தான் 'இளமை'! மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை அக்னி நட்சத்திரம். அந்த நாட்களில், பதினொன்றிலிருந்து மூன்றரை மணிவரை திறந்த வெளியில் வரிசையில் நிற்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அதிலும் அறுபது தாண்டியவரும் ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவரும் கூடவே கூடாது. பரீட்சை முடிந்த கையோடு ஏப்ரலில் போவது அதற்குத் தேவலை. எல்லாவற்றையும்விட நல்லது தை, மாசி. பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் லீவு போட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. (ஆசிரியர்கள் என்னை மன்னிக்கட்டும்!) வார நாளில் கூட்டமும் குறைவு. வரிசையில் நிற்கிற நேரம் குறைந்தாலே பாதி நோய் குறைந்த மாதிரி.

மேட்டுப்பாளையம் பக்கம் நீலகிரி அடிவாரத்துப் பூங்காவுக்கோ, 2000-இல் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கிய கொச்சி வொண்டர்லாவுக்கோ போகிறவர்களும் இதே கணக்கைப் போடலாம். மலையாளக் கரையில் ஜூனில் பருவமழை இறங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் மூன்று இட்லி, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ரைடு. சுற்றுகிற, தலைகீழாகப் புரட்டுகிற ரைடுகளைச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். மதியம் வயிறு நிறைய பிரைடு ரைஸ் தின்றுவிட்டுக் கப்பலில் ஏறினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பல பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை, வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். குழந்தை உணவு, நோயாளிக்கான உணவு, மருந்து இவற்றுக்கு அனுமதி உண்டா என்று முதல் நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "அப்புறம் சாப்பிடலாம்" என்று இரண்டு மணி மூன்று மணிவரை தள்ளிப்போடுகிறவர்களுக்குப் படபடப்பும் வியர்வையும் மயக்கமும் வரும். மற்றவர்கள் வெயில் மயக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் சட்டைப்பையில் நாலு கல்கண்டு இருக்கட்டும்.

சர்க்கரை நோயாளியின் பாதத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். செருப்பை லாக்கரில் வைத்துவிட்டு, கொதிக்கிற சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நடப்பார். உணர்ச்சி குறைந்த பாதம், சுடுவது தெரியாது. இரண்டு நாள் கழித்து மகள்தான் பார்த்துச் சொல்வாள், "என்னப்பா உள்ளங்கால்ல கொப்புளம்?" என்று. அந்தக் கொப்புளம் ஆறாமல் போனால் எங்கே கொண்டுவிடும் என்று தெரியாதவர்கள் இல்லை. நனையக்கூடிய ரப்பர் செருப்பு காலிலேயே இருக்கட்டும். அனுமதிக்காத இடத்துக்கு அவர் போக வேண்டாம். இரவு படுக்குமுன் விளக்கு வெளிச்சத்தில் பாதத்தைப் பாருங்கள்.

வேனில் குமட்டுகிறவர்களுக்கு இஞ்சி மொரப்பா போதும், பையில் இடத்தையும் அடைக்காது. வீட்டிலேயே செய்வதானால் இஞ்சியைத் தோல் சீவி இடித்துச் சாறெடுத்து, சற்று நேரம் அசையாமல் வைத்து, அடியில் தங்கும் வெள்ளை மண்டியை நீக்கிவிட்டுத் தெளிவை மட்டும் தேனோடு ஒரு ஸ்பூன் கொடுங்கள். தண்ணீரை அரை மணிக்கு ஒருமுறை நாலு மடக்கு எல்லோரும் குடிக்க வேண்டும். (டாக்டர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருக்கும் இதய, சிறுநீரக நோயாளிகள் அந்த அளவோடு.) பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வெயிலில் யாராவது உளறினாலோ, உடம்பு கொதித்து நினைவு தடுமாறினாலோ கைவைத்தியம் வேண்டாம். நிழலுக்குத் தூக்கிப் போய், ஈரத்துணி போட்டு விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

"பாட்டியைக் கூட்டிட்டுப் போறதா, வேண்டாமா?" என்று பலர் கேட்கிறார்கள். அழைத்துப் போய்ப் பைக்குக் காவலாக ஒரு பெஞ்சில் ஏழு மணி நேரம் உட்கார வைப்பதாக இருந்தால், வேண்டாம். அரை நாள் நிழலில் இருந்து, பேரன் ஆடுவதைப் பார்த்து, ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டு, மூன்று மணிக்கெல்லாம் யாராவது ஒருவரோடு அறைக்குத் திரும்பலாம் என்றால் தாராளமாகக் கூட்டிப் போங்கள். யார் திரும்புவது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு பண்ணுங்கள். அது ஒவ்வொரு தடவையும் மருமகளாகவே இருக்க வேண்டுமா என்ன?

"இப்படியெல்லாம் பார்த்தா பாதி ரைடுகூட ஏற முடியாதே சார்?" ஆமாம், முடியாது. அவசரப்பட்டாலும் எல்லாவற்றிலும் ஏற முடிவதில்லை, வரிசை விடாது. ஆளுக்கு ஒன்று, ஆசைப்பட்டது எது என்று முதல் நாள் ராத்திரியே கேட்டு எழுதி வையுங்கள். அம்மாவுக்கும் ஒன்று கேளுங்கள். "எனக்கென்ன, நீங்க ஆடுங்க" என்பார். விடாமல் கேளுங்கள். அந்த ஐந்தாறை முதலில் முடித்துவிட்டால் மற்றதெல்லாம் லாபம்.

திரும்பி வந்ததும் ஈர உடையை உடனே மாற்றி, நல்ல தண்ணீரில் குளித்து, தொடை இடுக்கு, அக்குள், கால்விரல் இடைகளை ஈரம் போகத் துடையுங்கள். படர்தாமரை பெரும்பாலும் அந்த ஈரத்தில்தான் குடியேறுகிறது. இரவுக்கு மிளகு ரசம் சாதமும் சுட்ட அப்பளமும் போதும். மறுநாள் எண்ணெய்க் குளியல் வேண்டாம், அலுப்பு தீர்ந்து இரண்டு நாள் போகட்டும். நீர்க்கடுப்பு தெரிந்தால் அன்றைக்கே இளநீர், பார்லித் தண்ணீர் ஆரம்பித்துவிடுங்கள். நீர்முள்ளிக் குடிநீர் நல்ல மருந்துதான், அதை வைத்தியரிடம் அளவு கேட்டுச் சாப்பிடுங்கள். குளிர் காய்ச்சலோ, விலாப்பக்க வலியோ, நீரில் ரத்தமோ சேர்ந்தால் இவை எதற்கும் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.